தலை மாறும் குச்சி

எங்கள் வீட்டில் எந்த டப்பாவின் மூடி திறக்கவில்லை என்றாலும் அது அப்பாவிடம்தான் போகும்.

முதலில் அம்மா முயன்று பார்ப்பார். மூடியின் மேல் துணியைச் சுற்றித் திருகுவார். பிறகு அக்கா. கடைசியாக நான், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. மூடி அசையாது. "அப்பா வரட்டும்" என்று டப்பாவை மேசை மூலையில் வைத்துவிடுவோம். சில நாள் அங்கே சர்க்கரை டப்பா, தேன் பாட்டில், பொத்தான் டப்பா என்று மூன்று பேர் காத்திருப்பார்கள், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

அப்பா வருவார். செருப்பைக் கழற்றுவார். டப்பாவை வலது கையில் பிடித்து, இடது கையால் மூடிக்கு ஒரே ஒரு முறுக்கு. 'டக்!'

"இதுக்கா மூணு பேரு?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விடுவார்.

அப்பாவுக்கு எல்லாமே இடது கைதான். எழுதுவது, தலை சீவுவது, எங்கள் காதைத் திருகுவது எல்லாம் அதில்தான். மேசையில் அவர் இடது ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவார். வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய முழங்கையும் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையும் சண்டை போட்டுக்கொள்ளும். இதெல்லாம் எங்களுக்கு அவ்வளவு பழகிப்போன விஷயம். பழகிப்போனதால்தான் பின்னால் ஒரு தவறு நடந்தது. அதற்கு வருகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பதினொன்று. அவளுடைய விரல்களில் எப்போதும் ஏதாவது பசை காய்ந்து கிடக்கும். குடைக்கம்பி, தீப்பெட்டி, உடைந்த சீப்பு, எது கிடைத்தாலும் இன்னொன்றோடு சேர்த்து ஒட்டிப் பார்ப்பாள். அதனால் எல்லோரும் அவளைப் 'பசை' என்று கூப்பிட்டார்கள். அவள் போகிற இடமெல்லாம் நானும் போவேன். அதனால் எனக்கு 'ஒட்டு' என்று பெயர்.

அப்பாவின் வேலை டம்ளர் கழுவுவது. எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பேருந்துப் பணிமனை இருந்தது. அதற்குள் ஓர் உணவகம். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், கையெல்லாம் கிரீஸோடு வரும் மெக்கானிக்குகள் என்று மதியத்தில் மட்டும் நானூறு பேர் சாப்பிடுவார்கள். நானூறு பேருக்கு நானூறு கண்ணாடி டம்ளர். உயரமான, அடிப்பக்கம் குறுகலான டம்ளர்கள்.

அப்பா டம்ளரை நுரைத் தண்ணீரில் முக்குவார். இடது கையை உள்ளே விட்டு ஒரு முறுக்கு. பிறகு ஓர் அலசல், ஓர் உதறல். கவிழ்த்து வைத்துவிடுவார். நான் மூன்று எண்ணுவதற்குள் ஒரு டம்ளர் முடிந்துவிடும்.

பள்ளி விட்டு வரும்போது பணிமனையின் பின்பக்க ஜன்னல் வழியாக நாங்கள் அதை வேடிக்கை பார்ப்போம். அந்த நேரத்தில் மாலைத் தேநீர் டம்ளர்கள் ஓடிக்கொண்டிருக்கும். எங்களைப் பார்த்தால் அப்பா பேச மாட்டார். நுரையை மட்டும் ஊதிவிடுவார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பாவின் இடது கை கெட்டுப்போனது.

விரல் நுனிகளில் தோல் வெடித்தது. வெடிப்பில் சோப்புத் தண்ணீர் இறங்கிப் புண்ணானது. டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டார்.

"ஆறு வாரத்துக்கு இந்தக் கையில தண்ணி படவே கூடாது" என்றார்.

"நாலு வாரம் போதாதுங்களா?" என்றார் அப்பா.

"நான் என்ன துணியா விக்கிறேன், குறைச்சுக் கொடுக்க?"

அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். தடித்த ரப்பர் கையுறை போட்டார். அது டம்ளரின் குறுகலான அடிப்பக்கத்துக்குள் போகவில்லை. மெல்லிய கையுறை போட்டார். உள்ளே வியர்த்துப் புண் அதிகமானது. வலது கையால் கழுவினார். ஒரே நாளில் மூன்று டம்ளர்கள் உடைந்தன.

"வலது கையில நான் டம்ளரைக் கழுவலை. டம்ளர்தான் என்னைக் கழுவுது" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் கடையிலிருந்து ஒரு டம்ளர் குச்சி வாங்கி வந்தார். நீண்ட மரக் கைப்பிடி, நுனியில் வட்டமான தூரிகை. இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் அதன் முடியெல்லாம் கொட்டிப் போய்விட்டது. ஒரு வீட்டுக்காகச் செய்த குச்சி. அது நானூறு டம்ளருக்கு என்ன செய்யும், பாவம்.

அப்பா அதைக் குப்பைக் கூடையில் போடப் போனார்.

"குச்சி நல்லாத்தானே இருக்கு? ஏன் போடுறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"தலை வழுக்கையாயிடுச்சே கண்ணு."

"தலை வழுக்கையானா ஆளையே தூக்கிப் போட்டுடுவாங்களா?"

அம்மா தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவின் தலையைப் பார்த்தார். அங்கேயும் நடுவில் முடி கொஞ்சம்தான் இருந்தது.

"அப்படிப் போடுறதா இருந்தா நான் எப்பவோ போட்டிருக்கணும்" என்றார் அம்மா.

அப்பா குச்சியைக் கூடையில் போடாமல் மேசைமேல் வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. நானும் அக்காவும் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனோம். அப்பா எங்களைப் பார்க்கவில்லை. அவர் முன்னால் தலைமைச் சமையல்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் எப்போதும் ஒரு நீளமான கரண்டி இருக்கும். பேசும்போது அதுவும் சேர்ந்து பேசும். நாங்கள் அவருக்குப் 'பெரிய கரண்டி மாமா' என்று பெயர் வைத்திருந்தோம்.

"எனக்கு மட்டும் ஆசையாய்யா?" என்றார் அவர். கரண்டி மேலே போய்க் கீழே வந்தது. "பத்து நிமிஷத்துல வண்டி எடுக்கணும்னு டிரைவருங்க நிக்கிறாங்க. டம்ளர் இல்லைன்னா என்னைத்தான் வறுத்து எடுக்கிறாங்க. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் நான் வேற ஆளை நிறுத்தித்தான் ஆகணும்."

"கை சரியானதும் நான் திரும்ப..."

"வந்தவனைப் போன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு."

அப்பா இடது கைக்கட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த டம்ளரை எடுத்தார். பையின் ஓட்டையிலிருந்து நுரை வழிந்தது.

நாங்கள் அன்று ஓடி விளையாடாமல் வீட்டுக்கு வந்தோம்.

மாலை அப்பா வந்தார். கட்டு முழுவதும் நனைந்திருந்தது. அம்மா அதை மெதுவாகப் பிரித்து, கையைத் துடைத்து, புதுத் துணி சுற்றினார். அப்பா எங்களைப் பார்த்து, "என்ன ரெண்டு பேரும் இவ்வளவு அமைதி? பள்ளிக்கூடத்துல வாயை வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்றே அக்கா அந்த வழுக்கைக் குச்சியைக் கையில் எடுத்தாள்.

"குச்சி மாற வேண்டாம் ஒட்டு. தலை மட்டும் மாறினா போதும். பேனாவுல மை தீர்ந்தா பேனாவையா தூக்கிப் போடுறோம்?"

"ஆமா, நான் போடுவேன்" என்றேன்.

"உன்னைக் கேட்டேன் பாரு."

வெள்ளிக்கிழமை முதல் குச்சி தயாரானது. நுனியில் பழைய துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினாள். முதல் டம்ளரிலேயே துணி கழன்று அடியில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க ஒரு முள்கரண்டி, ஒரு பென்சில், என்னுடைய கை மூன்றும் தேவைப்பட்டன. என் கை சிறியது என்பதால் அன்று எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

அடுத்து அவள் பசை போட்டு ஒட்டினாள். அது கழலவே இல்லை.

"ஜெயிச்சுட்டோம்!" என்று குதித்தேன்.

"இல்லடி. கழலவே இல்லைன்னா எப்படி மாத்துறது? வேணும்கிறப்போ கழலணும், வேண்டாம்கிறப்போ கழலக் கூடாது."

அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தோன்றியது.

இருந்தது. அக்காவின் கையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடிக்க பாட்டிலைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். தண்ணீர் குடிக்கவே இல்லை.

"உனக்குத் தாகமா இல்லையா?" என்றேன்.

"ஒட்டு! வேணும்னா கழலுது! வேண்டாம்னா கழலலை!"

அவள் பாட்டிலைத் தலைகீழாக்கிக் குலுக்கினாள். மூடி அசையவில்லை. நான்தான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் வாய் அகன்ற காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் நிறைய இருந்தன. அம்மா பெரிய கத்தரிக்கோலால் ஒரு பாட்டிலின் கழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தார். ஒரு பெரிய மோதிரம் மாதிரி இருந்தது. வெளியே திருகு வரிகள், அவற்றுக்குக் கீழே ஒரு வளையம்.

அம்மா தைக்கும் துணிகளில் மீந்துபோன நைலான் வலைத் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. கொஞ்சம் சொரசொரப்பான வலை. தேய்க்க அதைவிட நல்லது கிடைக்காது. அக்கா அதைப் பட்டைப் பட்டையாக வெட்டி, பூச்செண்டு மாதிரி சேர்த்து, கழுத்துக்குள் நுழைத்தாள். மேலே வந்த நுனிகளைத் திருகு வரிகளின் மேல் மடித்துவிட்டாள். அதன் மேல் மூடியைத் திருகினாள். வலை மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

"மூடியைக் குச்சியில அடிச்சுட்டா முடிஞ்சுது" என்றாள்.

மூடியையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுத் தச்சரிடம் போனோம். அவர் காதில் பென்சில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலிக் காலை இழைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பசை, இன்னிக்கு எதை எதோட ஒட்டணும்?"

"ஒட்ட வேண்டாம் மாமா. இந்த மூடியைக் குச்சி நுனியில நிறுத்தணும். இதோ நடுவுல ஒரு ஆணி."

"ஒரு ஆணி அடிச்சா பம்பரமாத்தான் சுத்தும்."

அக்கா ஒரு நொடி யோசித்தாள். "அப்போ ரெண்டு திருகாணி. பக்கத்துல பக்கத்துல."

"அப்படிக் கேளு" என்று சொல்லி, வழுக்கைத் தலையை ரம்பத்தால் அறுத்துவிட்டு, இரண்டு சின்னத் திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தார். "யாருக்கு இது?"

"அப்பாவுக்கு."

தச்சர் குச்சியின் கைப்பிடியை எடுத்து, யாரும் சொல்லாமலே உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தார்.

அன்று முழுவதும் சோதனை. அக்கா கழுவினாள், நான் கழுவினேன், அம்மா கழுவினார். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினோம். எங்கள் வீட்டு டம்ளர்கள் கடையில் இருந்தபோதுகூட அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காது. தலை கழலவே இல்லை. முறுக்க முறுக்க இன்னும் இறுகியது. அக்கா மூன்று புதுத் தலைகளைச் செய்து வைத்தாள். தலையைக் கழற்றிப் புதிதாக மாட்ட, நான் இருபது எண்ணுவதற்குள் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அக்கா குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"கண்ணை மூடுங்க."

"மூடிட்டேன்."

"விரலுக்கு நடுவுல பார்க்காதீங்க."

"பார்க்கலை. என்ன, நீளமா ஏதோ இருக்கே?"

குச்சியை அவர் கையில் கொடுத்தாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையைக் கழற்றினார், மாட்டினார். வலையைத் தடவினார்.

"பசை..." என்றார்.

"முதல்ல கழுவிப் பாருங்க!"

நாங்கள் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். அப்பா கட்டுப்போட்ட இடது கையில் குச்சியைப் பிடித்தார். கை தண்ணீருக்கு வெகு தூரத்தில் இருந்தது. டம்ளருக்குள் விட்டு ஒரு முறுக்கு. உதறினார். பளிச்!

இரண்டாவது டம்ளர். ஒரு முறுக்கு. பளிச்!

மூன்றாவது டம்ளர். ஒரு முறுக்கு.

'ப்ளக்.'

தலை கழன்று நுரைக்குள் விழுந்தது. வலைப் பட்டைகள் பிரிந்து மிதந்தன.

"சரியா இறுக்கலை போல" என்று அக்கா மீண்டும் இறுக்கிக் கொடுத்தாள். அப்பா கழுவினார். நான்காவது டம்ளரில் மறுபடி, 'ப்ளக்'.

புதுத் தலை போட்டோம். 'ப்ளக்'.

அக்கா குச்சியை வாங்கிப் பத்து டம்ளர் கழுவினாள். ஒன்றும் ஆகவில்லை. அப்பாவிடம் கொடுத்தாள். மூன்றாவது டம்ளரில் 'ப்ளக்'.

"குச்சி நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றார் அப்பா. "என் கைதான் சரியில்லை."

அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் குச்சியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தபோது, மிகவும் கவனமாக வைத்தார். நாளைக்குத் திங்கட்கிழமை.

"ஏங்க, வலது கையில பிடிச்சுப் பாருங்களேன்" என்றார் அம்மா.

அப்பா பிடித்தார். குச்சி டம்ளருக்குள் போகாமல் வெளியே இடித்தது. அப்பாவின் வலது கைக்கு அவ்வளவுதான் தெரியும்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பார்வை எங்கேயோ இருந்தது. மேசை மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தேன் பாட்டில் அப்பாவுக்காகக் காத்திருந்தது. கட்டுப் போட்டதிலிருந்தே அது அங்கேதான் நின்றது.

அவள் எழுந்து போய் அதை எடுத்தாள். வலது கையால் திறக்க முயன்றாள். முடியவில்லை. மறுபக்கமாகத் திருகினாள். இன்னும் இறுகியது.

"அப்பா, இதைக் கொஞ்சம் திறங்க."

"கட்டுப் போட்ட கையாச்சே."

"சும்மா, திறக்கிற மாதிரி செய்ங்க. காத்துல."

அப்பா இடது கையால் காற்றில் ஒரு மூடியைத் திறந்தார்.

"இப்போ டம்ளர் கழுவுற மாதிரி."

அப்பா காற்றில் ஒரு டம்ளர் கழுவினார்.

இரண்டும் ஒன்றாக இருந்தன! அதே மணிக்கட்டு, அதே பக்கம், அதே முறுக்கு!

"அப்பா!" என்று கத்தினாள் அக்கா. "நீங்க கழுவலை! திறக்கிறீங்க!"

அவள் குச்சியை எடுத்து வலது கையில் பிடித்து முறுக்கிக் காட்டினாள். "என் கை இந்தப் பக்கம் முறுக்குது. அது மூடுற பக்கம். அதான் எனக்கு இறுகுது. உங்க கை அந்தப் பக்கம் முறுக்குது. அது திறக்கிற பக்கம். அதனாலதான் எல்லா டப்பாவும் உங்களுக்கு மட்டும் திறக்குது!"

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா நான் இவருக்கு ரொம்ப பலம்னு நினைச்சுட்டிருந்தேன்."

"பலமும் இருக்கு" என்றார் அப்பா, கொஞ்சம் அவசரமாக.

நாங்கள் மூன்று பேரும் வலது கைக்காரர்கள். நேற்று முழுவதும் வலது கையாலேயே சோதித்தோம். யாருக்காகச் செய்தோமோ அவருடைய கை எது என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. தினமும் பார்ப்பதால் வந்த மறதி.

"அப்போ நான் மெதுவா வலது கைக்குப் பழகிக்கிறேன்" என்றார் அப்பா.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "உங்க கை இத்தனை வருஷமா இப்படித்தான் கழுவுது. குச்சி நேத்துதான் பிறந்துது. அதுதான் பழகிக்கணும்."

"குச்சி எப்படிப் பழகும்?" என்றேன் நான்.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் நம்ம கதவு திறக்குறதில்லையே. ஏன்?"

"தாழ்ப்பாள் போட்டிருக்கோமே!"

"அதேதான்!"

அவள் சொல்லச் சொல்ல அம்மா செய்தார். ஊசியை இடுக்கியில் பிடித்துச் சூடாக்கி, மூடியின் விளிம்பில் ஒரு துளை போட்டார். பாட்டில் கழுத்து வளையத்திலும் ஒரு துளை போட்டார். ஆனால் தலையை இறுக்கியபோது இரண்டு துளைகளும் நேராக வரவில்லை. ஒன்று இங்கே இருந்தது, இன்னொன்று அங்கே போய் நின்றது.

"ஒரு துளைதானே அம்மா பிரச்சினை? வளையத்தைச் சுத்தி ஆறு போடு. ஏதாவது ஒன்னு எதிர்ல வந்துதானே ஆகணும்" என்றாள் அக்கா.

ஆறு துளைகள் போட்டார். தலையை இறுக்கினார்கள். ஒரு துளை எதிரில் வந்து நின்றது. அதற்குள் நுழைக்க ஒரு கம்பி வேண்டும். அக்கா தேடவில்லை. தன் தலையில் கையை வைத்து, ஒரு ஹேர்பின்னை உருவினாள். இரண்டு துளைகளிலும் அதை நுழைத்து, நுனியை வளைத்துவிட்டாள்.

"தாழ்ப்பாள் போட்டாச்சு. இப்போ திறங்க பார்க்கலாம்!"

அப்பா கழுவினார். மூன்றாவது டம்ளர் வந்தபோது நாங்கள் மூச்சை அடக்கினோம். நான்காவது. பத்தாவது. இருபதாவது டம்ளருக்குப் பிறகு வீட்டில் கழுவ டம்ளர் இல்லை. அப்பா சோப்புப் பெட்டியையும் பூச்சாடியையும் கழுவினார். அம்மா ஓடிப்போய்ப் பொத்தான் டப்பாவை ஒளித்து வைத்தார்.

தலை அப்படியே இருந்தது.

மிச்சமிருந்த மூன்று தலைகளுக்கும் அன்றே ஆறாறு துளைகள் போட்டோம்.

திங்கட்கிழமை அக்கா ஒரு பக்கம் பின்னல் அவிழ்ந்த நிலையில் பள்ளிக்கு வந்தாள். முதல் மணியிலேயே டீச்சர் கேட்டுவிட்டார்.

"ஹேர்பின் எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கு மிஸ்" என்றாள் அக்கா.

அன்று மாலை ஜன்னலில் அப்பா இல்லை. தொட்டி காலியாக இருந்தது. அங்கே டம்ளரும் இல்லை, நுரையும் இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தோம். அம்மாவின் தையல் இயந்திரம் உள்ளே ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அப்பா தெருமுனையில் திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் குச்சி இருந்தது. எங்களைத் தாண்டிப் படியேறி, செருப்பைக் கழற்றி, இடது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா புதுத் துணியும் துண்டும் எடுத்து வந்தார். தினமும் மாலை செய்கிற மாதிரி அப்பாவின் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கட்டைப் பிரிக்கப் போனவர் நிறுத்தினார்.

விரல் பக்கம் தொட்டுப் பார்த்தார். கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டுப் பக்கமும் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருக்குங்க" என்றார் அம்மா. "காலையில கட்டினது கட்டினபடியே இருக்கு."

அப்போதுதான் அப்பா சிரித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு டம்ளர்" என்றார். "ரெண்டு தலை மாத்தினேன். ஒன்னுகூடக் கழலலை. உங்க பெரிய கரண்டி மாமா ஒவ்வொரு டம்ளரா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அழுக்கைத் தேடினார். கடைசியில கிடைச்சது அவரோட மூக்குதான். அதுதான் உள்ள தெரிஞ்சுது."

"வேற ஆள்?" என்றாள் அக்கா. அப்படி ஒன்று தனக்குத் தெரியும் என்பதை மறைக்கவும் மறந்துவிட்டாள்.

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். "ஜன்னல்ல நின்னீங்களா ரெண்டு பேரும்? வேற ஆள் வரலை. வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டார். டம்ளர் சீக்கிரம் முடிஞ்சுட்டதால, இன்னிக்குச் சாயங்காலம் சாமான் அறையில அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அதான் ஜன்னல்ல ஆளைக் காணோம்."

அக்கா "ஹூ..." என்று ஒரு நீண்ட மூச்சு விட்டாள். நானும் விட்டேன். இத்தனை நாளாக நானும் அதைப் பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொன்னு" என்றார் அப்பா. "பெரிய அண்டாவுக்கு ஒன்னு செஞ்சு தர முடியுமான்னு கேட்டார். இவ்வளவு பெரிய தலையா."

"முடியும்" என்றாள் அக்கா உடனே. பிறகு கேட்டாள்: "அண்டா கழுவுறவர் எந்தக் கைக்காரர்?"

ஆறு வாரத்தில் அப்பாவின் கை ஆறியது. கட்டு அவிழ்த்த அன்று அவர் முதலில் செய்தது, மேசை மூலையில் நின்ற தேன் பாட்டிலைத் திறந்ததுதான். 'டக்!' அதற்குப் பிறகும் டம்ளர்களை அவர் குச்சியால்தான் கழுவினார்.

அதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்பாவும் அம்மாவும் இல்லை. போன வருடம் அக்காவும் போய்விட்டாள். குச்சி என்னிடம் வந்தது. என் வீட்டுத் தொட்டியின் ஓரத்தில் நிற்கிறது. தச்சர் தேய்த்த கைப்பிடி இன்னும் வழவழப்பாகத்தான் இருக்கிறது. இதுவரை எத்தனை தலை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நான் வலது கைக்காரி. எனக்குத் தாழ்ப்பாள் தேவையே இல்லை. முறுக்க முறுக்கத் தானாகவே இறுகும். ஆனாலும் ஒவ்வொரு முறை புதுத் தலையைத் திருகி முடித்ததும், எதிரில் வருகிற துளையைத் தேடி, என் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து மாட்டிவிட்டுத்தான் முதல் டம்ளரைத் தொடுவேன்.

இதுவரை ஒரு தடவைகூடக் கழன்றதில்லை.